மண்டையக அழுத்தம்

தலையில் பலத்த அடிபட்டவரின் ஐசியூ திரையில் 'ஐசிபி' என்று ஓர் எண் ஓடும். இன்ட்ராக்ரேனியல் பிரஷர் என்பதன் சுருக்கம் அது. 'இன்ட்ரா' லத்தீனில் உள்ளே. 'கிரானியன்' கிரேக்கத்தில் மண்டையோடு. பேச்சில் இது 'மூளை பிரஷர்' ஆகிவிடுகிறது. வீட்டார் பிபி என்றே நினைத்துக்கொள்வதும் உண்டு. மண்டையக அழுத்தம் என்பதே சரி. மூளை, இரத்தம், மூளைத் தண்டுவட நீர் மூன்றும் சேர்ந்து தரும் அழுத்தம் இது. இலங்கைப் பாடநூல் வழக்கில் அழுத்தம் 'அமுக்கம்' ஆகும். சங்கப் பாடல்களில் 'மண்டை' பாணர் உண்ணும் கலம். கலம் என்ற அந்தப் பழைய பொருளும் இங்கே அழகாகப் பொருந்துகிறது.

பெரியவர்களின் மண்டையோடு விரியாது. உள்ளே ஏறக்குறைய 80 விழுக்காடு மூளை; இரத்தமும் நீரும் தலா 10. ஒன்று கூடினால் இன்னொன்று குறைந்தாக வேண்டும் என்ற கருத்து, 1783-இல் அலெக்சாண்டர் மன்றோவும் 1824-இல் ஜார்ஜ் கெல்லியும் எழுதியவற்றிலிருந்து வந்தது. வீக்கமோ இரத்தக்கட்டியோ வந்தால் முதலில் நீரும் சிரை இரத்தமும் வெளியேறி இடம் கொடுக்கும். அந்த இடம் தீர்ந்துவிட்டால், சில மில்லிலிட்டர் கூடினாலே எண் மளமளவென்று ஏறும்.

படுத்திருக்கும் பெரியவருக்கு 7 முதல் 15 மி.மீ. பாதரசம் இயல்பு. 22-க்கு மேல் போனால் குறைக்க வேண்டும் என்பது 2016-இல் வந்த அமெரிக்க வழிகாட்டியின் அளவு. சராசரித் தமனி அழுத்தத்திலிருந்து இதைக் கழித்தால் கிடைப்பது மூளை ஊடுபாய்வு அழுத்தம், அதாவது மூளைக்குள் இரத்தத்தைத் தள்ளும் அழுத்தம். அது 60–70 இருக்க வேண்டும். தமனியில் 80, மண்டையில் 25 என்றால் மிஞ்சுவது 55 தான். போதாது.

மூளைக்குள் நீர் நிறைந்த அறையில் விட்ட குழாய்தான் அளக்கவும் உதவும், நீரை வடிக்கவும் உதவும். வெளியே உள்ள உணரியைக் காதுத் துளையின் மட்டத்தில் வைத்து சுழியம் பிடிக்க வேண்டும். பிறகு கட்டிலை 10 செ.மீ. உயர்த்திவிட்டு உணரியை அப்படியே விட்டால், எண் ஏறத்தாழ 7 கூடுதலாகக் காட்டும்; குழாய் திறந்திருந்தால் நீரும் அளவுக்கு மீறி வடியும். வடிந்துகொண்டிருக்கும்போது தெரியும் எண்ணை நம்பக் கூடாது. அடைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

பக்கத்தில் ஓடும் இன்னோர் எண் மூளைத் திசு ஆக்சிஜன் அழுத்தம். இதற்கும் அலகு மி.மீ. பாதரசமே, விழுக்காடு அல்ல. விரலில் மாட்டிய கருவி இரத்த ஆக்சிஜனை 98 விழுக்காடு என்று காட்டும்போது இது 14 காட்டலாம். இரண்டும் உண்மையாகவே இருக்கும். மண்டையக அழுத்தம் 22-ஐத் தாண்டக் கூடாது, இது 20-க்குக் கீழே போகக் கூடாது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். காரணம், ஒன்றைச் சரிசெய்யும் வைத்தியமே மற்றதைக் கெடுக்கலாம். வென்டிலேட்டரில் மூச்சை வேகப்படுத்தினால் கரியமிலவாயு குறையும், மூளை நாளங்கள் சுருங்கும், மண்டையக அழுத்தம் இறங்கும். அதே சுருக்கத்தால் இரத்த ஓட்டம் குறைந்து திசு ஆக்சிஜனும் சரியும். முதல் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு நோயாளி தேறுவதுபோலத் தெரியும்.

திசு ஆக்சிஜனை அளக்க மூளைக்குள் செருகும் கம்பி தன் முனையைச் சுற்றியுள்ள சிறு பகுதியைத்தான் அளக்கிறது. செருகிய முதல் ஒரு மணி நேர எண் நிலையற்றது. அதன் பிறகும் குறைவாகவே இருந்தால், வென்டிலேட்டரில் ஆக்சிஜனைச் சில நிமிடம் 100 விழுக்காடாக்கிப் பார்ப்பார்கள். எண் ஏறினால் கம்பி வேலை செய்கிறது. அசையவே இல்லையென்றால் முனை இரத்தக்கட்டிக்குள் இருக்கிறதா, கம்பி பழுதா என்று சிடி எடுத்துப் பார்க்க வேண்டும்.