பாயிண்ட் 22 தோட்டா வாங்கும் முன் லாட் எண்ணைப் பாருங்கள்

பத்து மீட்டர் ஏர் ரைஃபிளிலிருந்து ஐம்பது மீட்டர் ஸ்மால்போர் (பாயிண்ட் 22) ரைஃபிளுக்குப் பிள்ளை மாறியதும் பெற்றோர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "சார், பாப்பாவுக்கு டெனெக்ஸ் வாங்கிடலாமா, இல்ல ஆர் 50 வாங்கணுமா?" இரண்டும் விலை கூடின தோட்டா வகைகள். விலை கூடின பெட்டி வாங்கினால் மதிப்பெண்ணும் கூடிவிடும் என்ற நம்பிக்கை அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அந்த நம்பிக்கையில் நடுத்தரக் குடும்பங்கள் சேமிப்பைக் கரைப்பதைப் பயிற்சியாளனாகத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். தோட்டா எங்கே, எப்படித் தயாராகிறது என்று தெரிந்து, லாட் எண்ணையும் (ஒரே தடவையில் தயாரான தொகுப்பின் எண்) பார்த்து வாங்கினால் பாதிச் செலவை மிச்சப்படுத்தலாம்.

பாயிண்ட் 22 லாங் ரைஃபிள் தோட்டா 1887-இல் அமெரிக்காவில் வந்தது. என்.சி.சி.யில் இருந்தவர்கள் கையில் பிடித்திருப்பார்கள். சென்டர்ஃபயர் தோட்டாவில் அடிப்பகுதியின் நடுவே தனியாக ஒரு பிரைமர் (பற்றவைக்கும் சிறு மூடி) இருக்கும். பாயிண்ட் 22 போன்ற ரிம்ஃபயரில் அது கிடையாது. பித்தளைக் கூட்டின் அடியில் மடிந்திருக்கும் விளிம்புக்குள்ளேயே பற்றும் மருந்து இருக்கிறது. ஈரப் பசையாக உள்ளே வைத்து, கூட்டை வேகமாகச் சுழற்றி, விளிம்பின் உட்புறம் முழுக்கப் பரவச் செய்கிறார்கள். அந்தச் சின்ன வட்டத்தில் ஓரிடத்தில் மருந்து குறைந்தாலும் ஃபயரிங் பின் (துப்பாக்கியின் அடிக்கும் ஊசி) அங்கே அடித்தால் வெடிக்காது. வெடித்தாலும் வேகம் மாறும். ரிம்ஃபயரின் தரம் என்று நாம் பேசுவதெல்லாம் முதலில் இந்த விளிம்பில் தொடங்குகிறது. குண்டின் வடிவம், எடை, மெழுகுப் பூச்சு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

வேகம் மாறினால் என்ன ஆகும்? மேட்ச் தோட்டா, அதாவது போட்டிக்கான தோட்டா, வினாடிக்கு ஏறத்தாழ 320 முதல் 330 மீட்டர் வேகத்தில் கிளம்பும். ஒலியின் வேகத்தைத் தாண்டித் திரும்ப இறங்கும்போது குண்டு தடுமாறும் என்பதால் வேண்டுமென்றே அதற்குக் கீழே வைத்திருக்கிறார்கள். இதில் 3 மீட்டர் குறைந்தால் ஐம்பது மீட்டரில் குண்டு 2 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக இறங்கும் என்கிறது கணக்கு. அந்த இலக்கில் பத்துக்கான வட்டமே 10.4 மில்லிமீட்டர்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் நாட்டு ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது இந்த இலக்கில், இந்தத் தோட்டாவில்தான். அவர் இருந்த அளவில் 2 மில்லிமீட்டர் பெரிய விஷயம். எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையே அலைந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு அது பிரச்சினையே இல்லை. அங்கே கோளாறு மூச்சிலும் டிரிகரிலும் இருக்கிறது.

இனி தொழிற்சாலைகள். உலகத் தரப் போட்டிகளில் பெரும்பாலும் அடிபடும் பெயர்கள் மூன்று. ஈலி இங்கிலாந்தில் பர்மிங்காம் அருகே தயாராகிறது. டெனெக்ஸ் அவர்களுடைய உச்சத் தயாரிப்பு. ஆர்.டபிள்யூ.எஸ். ஜெர்மனியில் நியூரம்பர்க் பக்கம் ஃபூர்த் நகரில் தயாராகிறது. அவர்களுடைய உச்சம் ஆர் 50, ஆர் 100. நிறுவனம் 2022-இல் இத்தாலியின் பெரெட்டா குழுமத்திடம் போனாலும் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. மூன்றாவது லாபுவா. பெயர் ஃபின்லாந்து ஊரின் பெயர். ஆனால் ரிம்ஃபயர் தோட்டா தயாராவது ஜெர்மனியில், எல்பே நதிக்கரையிலுள்ள ஷோனெபெக்கில். நம் கிளப்புகளில் பயிற்சிக்குப் பயன்படும் எஸ்.கே. தோட்டாவும் அதே ஊரில், அதே நிறுவனத்தில் தயாராவதுதான். "எஸ்.கே. மட்டம், லாபுவா உயர்வு" என்று பேசுபவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. தேர்வும் சோதனையும் லாபுவாவுக்கு அதிகம், விலையும் அதனால் அதிகம். ஆனால் எஸ்.கே.யின் மேட்ச் வகைகள் மாவட்ட, மாநிலப் போட்டி அளவுக்குத் தாராளமாகப் போதும்.

அமெரிக்கப் பெட்டிகளில் குழப்பம் இன்னும் அதிகம். சி.சி.ஐ. ஐடஹோ மாநிலத்தில் லூயிஸ்டனில் தயாராகிறது. ஃபெடரல் மினசோட்டாவில், ரெமிங்டன் ஆர்கன்சாவில், வின்செஸ்டர் ரிம்ஃபயர் மிசிசிப்பி மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்டில். முதல் மூன்றும் 2024 இறுதியில் செக் நாட்டின் ஒரே குழுமத்துக்குப் போய்விட்டன. உரிமையாளர் ஒருவரே என்றாலும் தொழிற்சாலைகள் வேறு, இயந்திரங்கள் வேறு, குணமும் வேறு. இவற்றில் என் அனுபவத்தில் சீராக வருவது சி.சி.ஐ. ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி. பெரிய டப்பாவில் மொத்தமாக அடைத்து விற்கப்படும் அதிவேகத் தோட்டாக்கள் டின் உருட்டி விளையாடுவதற்கும் வேட்டைக்கும் எண்ணித் தயாரிக்கப்பட்டவை. அவற்றை ஐம்பது மீட்டர் இலக்கில் வைத்துக் குறை சொல்வது நியாயம் இல்லை.

மெக்சிகோவின் அகீலா பெட்டியில் "ஈலி பிரைம்" என்று எழுதியிருக்கும். ஈலியின் பிரைமிங் தொழில்நுட்பத்தை உரிமம் பெற்றுப் பயன்படுத்துகிறார்கள் என்றுதான் பொருள். தோட்டா மெக்சிகோவில் தயாரானதே. "இதுவும் ஈலிதான் சார்" என்று யாராவது விற்க வந்தால் ஏமாறாதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒரே பிராண்ட், ஒரே வகை, ஒரே விலை. ஆனால் இரண்டு லாட்டுகள் ஒரே துப்பாக்கியில் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். ஒரு பேரலில் (துப்பாக்கிக் குழலில்) பத்து ரவுண்டும் ஒரே ஓட்டையாக விழும் லாட், பக்கத்து லேனில் உள்ள அதே மாடல் ரைஃபிளில் சிதறும். சேம்பரின் (தோட்டா உட்காரும் அறையின்) அளவு, பேரலின் உட்புறம், குண்டின் நுண்ணிய விட்டம், கிளம்பும் வேகம் எல்லாம் சேர்ந்து தீர்மானிப்பதால் இதை முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. சுட்டுத்தான் பார்க்க வேண்டும். ஈலி மேட்ச் பெட்டியின் ஓரத்தில் லாட் எண்ணோடு அந்த லாட்டின் வேகமும் அச்சாகியிருக்கும், வினாடிக்கு 1054 அடி என்பது போல. அதைப் பார்க்காமலே பெட்டியைக் கிழித்துத் தூர எறிகிறார்கள் பிள்ளைகள்.

சர்வதேச வீரர்கள் பேரலை எடுத்துக்கொண்டு ஈலி, ஆர்.டபிள்யூ.எஸ்., லாபுவா ஆகிய மூன்று நிறுவனங்களின் சோதனைக் கூடங்களுக்கே போகிறார்கள். அங்கே துப்பாக்கியைக் கவ்வியில் பொருத்தி, லாட் மாற்றி லாட் சுட்டு, மின்னணு இலக்கில் அளந்து, நன்றாக விழும் லாட்டை மொத்தமாக வாங்கி வருகிறார்கள். நம்மில் பெரும்பாலோருக்கு அது கைக்கு எட்டாத காரியம். ஆனால் கிளப்பிலேயே செய்யக்கூடியது உண்டு. காற்று இல்லாத காலையில், ரெஸ்ட் (துப்பாக்கியைத் தாங்கும் முட்டு) வைத்து, ஒரு லாட்டுக்கு பத்து பத்து ரவுண்டாகக் குறைந்தது நான்கு குரூப் (ஒரே குறியில் சுட்ட ஓட்டைகளின் கூட்டம்) சுடுங்கள். மூன்று ரவுண்டு குரூப்பைப் படம் எடுத்துப் பகிர்வதில் ஒரு பயனும் இல்லை. மூன்று குண்டு அதிர்ஷ்டத்திலும் சேர்ந்து விழும். பிராண்ட் மாற்றும்போது முதல் பதினைந்து இருபது ரவுண்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். பழைய பூச்சு போய்ப் புதிய பூச்சு பேரலில் படிய அவ்வளவு வேண்டும். கூட்டாகச் சேர்ந்து இரண்டு மூன்று லாட் மாதிரி வரவழைத்துச் சோதித்து, பிறகு ஒரே லாட்டில் ஆண்டுக்குத் தேவையானதைக் கிளப் வழியாகக் கேட்டு வாங்குங்கள். முதல் ஓரிரு ஆண்டுகளுக்கு எஸ்.கே. அல்லது ஈலியின் கீழ் வகைகள் போதும். பிள்ளை ஒன்பதுக்கு வெளியே போகாத நாள் வந்த பிறகு டெனெக்ஸ் பற்றிப் பேசலாம்.

நம் வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மே மாதத்தில் காருக்குள் விட்டுப் போன பெட்டியைத் திறந்தால் குண்டின் மேலுள்ள மெழுகு இளகி, பெட்டியின் உள் அட்டையில் எண்ணெய்க் கறையாக இறங்கியிருக்கும். சூடான தோட்டாவின் வேகமும் மாறும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அதைப் போட்டிக்கு எடுக்கக் கூடாது.

வெடிக்காத தோட்டா விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவன். டிரிகர் இழுத்தும் சத்தம் வரவில்லை என்றால் போல்ட்டை (தோட்டா அறையை மூடும் பகுதியை) உடனே திறக்காதீர்கள். தாமதமாக வெடிக்கும் வாய்ப்பு உண்டு. முனை இலக்கை நோக்கியே இருக்க, குறைந்தது 30 வினாடி காத்திருந்து, ரேஞ்ச் அதிகாரியைக் கூப்பிடுங்கள். சத்தம் சன்னமாக, "புஸ்" என்று வந்தால் இன்னும் ஆபத்து: குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்த ரவுண்டைப் போடவே கூடாது. பேரலைப் பார்த்த பிறகுதான் சுட வேண்டும். வெடிக்காத தோட்டாவை வீட்டுக்கு எடுத்துப் போவதோ குப்பையில் போடுவதோ கூடாது. அதை வாங்கி வைப்பது ரேஞ்சின் பொறுப்பு.

குண்டு ஈயம், பற்றும் மருந்திலும் பெரும்பாலும் ஈயச் சேர்மம். சுட்டு முடித்த கையோடு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கும் பிள்ளைகளை நான் தினமும் தடுக்கிறேன். சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் சாப்பாடு. உட்புற ரேஞ்சில் காற்றோட்டம் இருக்கிறதா என்று பெற்றோர் தயங்காமல் கேளுங்கள்.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமும் கணக்கும் இல்லாமல் ஒரு தோட்டாகூட வைத்திருக்க முடியாது. நண்பரிடம் கடன் வாங்குவது, மிச்சத்தைப் பையில் வைத்துப் பஸ்ஸில் வருவது, இணையத்தில் யாரோ விற்கிறார் என்று விசாரிப்பது எதுவும் வேண்டாம். சுட்டதும் மிச்சமும் கிளப் பதிவேட்டில் ஏறட்டும். அதே பதிவேட்டில் லாட் எண்ணுக்கும் ஒரு பத்தி போடச் சொல்லுங்கள். அடுத்த முறை வாங்கும்போது எதைக் கேட்பது என்று அதைப் பார்த்தே முடிவு செய்யலாம்.