டிவிடியைப் பிரதி எடுக்கும்போது ஒலித்தடத்தை விட்டுவிடாதீர்கள்

பழைய டிவிடிகளை ஹார்டு டிஸ்க்குக்கும் பென் டிரைவுக்கும் மாற்றித் தருவது என் தொழில். வருகிறவர்கள் படத்தைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். ஒலியைப் பற்றிக் கேட்பவர் அரிது. நானாகக் கேட்டால், "டிவியில்தானே பார்க்கப்போகிறோம், ஸ்டீரியோ போதும்" என்பார்கள் சிலர். "எல்லாவற்றையும் 5.1 ஆக்கிக் கொடுங்கள்" என்று ஆறு சேனல் ஒலி (ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனி ஒலி) கேட்பார்கள் வேறு சிலர். இரண்டுமே பின்னால் மனவருத்தத்தில் முடிந்ததைப் பார்த்திருக்கிறேன். படம் மங்கினால் அன்றைக்கே தெரிந்துவிடும். ஒலியில் போனது, புதிதாக ஒரு சவுண்ட்பார் வாங்கும்போதுதான் தெரியும். அதற்குள் பழைய தட்டு குப்பைக்குப் போயிருக்கும்.

முதலில் தட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு டிவிடியில் எட்டு ஒலித்தடங்கள் வரை இருக்கலாம். திரைப்பட டிவிடிகளில் பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் 5.1 ஒன்று இருக்கும். அதனுடன் இரண்டு சேனல் ஸ்டீரியோ ஒன்றும் இருக்கலாம், சிலவற்றில் டிடிஎஸ் என்ற இன்னொரு வடிவத் தடமும் சேர்ந்திருக்கும். கல்யாண டிவிடி, பள்ளி ஆண்டு விழா டிவிடி என்றால் பெரும்பாலும் இரண்டு சேனல்தான். அட்டையில் அச்சிட்டிருப்பதை நம்பாதீர்கள். கணினியில் விஎல்சி மென்பொருளில் தட்டை ஓடவிட்டு, கண்ட்ரோல் விசையுடன் ஜே விசையை அழுத்தினால் ஒவ்வொரு தடத்தின் விவரமும் தெரியும். சேனல் என்ற இடத்தில் '3எஃப்2ஆர்/எல்எஃப்இ' என்று இருந்தால் முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, சப் ஊஃபருக்கு ஒன்று என ஆறு சேனல்கள் இருக்கின்றன என்று பொருள். ஸ்டீரியோ என்று இருந்தால் இரண்டுதான்.

'ஸ்டீரியோ போதும்' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கடையில் வாங்கும் திரைப்பட டிவிடிகள் பல 8.5 ஜிபி கொள்ளளவு கொண்டவை. நாம் எழுதுகிற வெற்றுத் தட்டில் 4.7 ஜிபிதான் கொள்ளும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு 768 கேபிபிஎஸ் (நொடிக்கு 768 கிலோபிட்) டிடிஎஸ் தடம் மட்டுமே ஏறக்குறைய 864 எம்பி பிடிக்கும். அதைக் கழற்றிவிட்டால் அந்த இடம் படத்துக்குக் கிடைக்கும். அன்று அது நியாயமான கணக்கு. இன்று யாரும் தட்டிலிருந்து தட்டுக்கு எழுதுவதில்லை. அதே படத்தின் 448 கேபிபிஎஸ் டால்பி 5.1 தடம் சுமார் 504 எம்பி. 192 கேபிபிஎஸ் ஸ்டீரியோ 216 எம்பி. வித்தியாசம் 300 எம்பி கூட இல்லை. இந்தச் சொற்ப இடத்துக்காக நான்கு சேனல்களை இழக்க வேண்டிய அவசியம் இன்று எவருக்கும் இல்லை.

5.1 தடத்தை ஸ்டீரியோவாக்கும்போது நடப்பது என்ன? திரைப்படத்தில் வசனம் பெரும்பாலும் சென்டர் சேனலில்தான் இருக்கும். அந்த சென்டரை 3 டெசிபல் குறைத்து இடது, வலது சேனல்களில் சேர்க்கிறார்கள். பின்பக்கச் சேனல்களையும் அப்படியே குறைத்துச் சேர்க்கிறார்கள். சப் ஊஃபர் சேனலை வழக்கமாக விட்டுவிடுகிறார்கள். இத்தனையும் சேர்ந்து ஒலி உடைந்துவிடாமல் இருக்க மொத்த அளவையும் தாழ்த்த வேண்டும்; முழுப் பாதுகாப்பாகச் செய்தால் அந்தத் தாழ்வு 7 டெசிபலைத் தாண்டும். அதனால்தான் மாற்றிய கோப்பில் சத்தமே இல்லை என்று தோன்றுகிறது. ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டினால் வசனம் கேட்கும். அடுத்த நிமிடம் சண்டைக்காட்சியில் வீடே அதிரும். இதைவிடக் கொடுமை, ஆறு சேனல்களில் முதல் இரண்டை மட்டும் எடுத்து ஸ்டீரியோ என்று கொடுப்பது. அப்படி ஒரு கோப்பு என் மேசைக்கு வந்தது. பாட்டும் பின்னணி இசையும் கணீரென்று இருந்தன. வசனம் பக்கத்து அறையில் பேசுவதுபோல் கேட்டது. மூல டிவிடி அந்தக் குடும்பத்திடம் இல்லை. இல்லாத சென்டர் சேனலை எந்த மென்பொருளாலும் வரவழைக்க முடியாது.

வீட்டில் தாமே மாற்றுபவர்களில் பலர் ஹேண்ட்பிரேக் பயன்படுத்துகிறார்கள். நல்ல மென்பொருள்தான். ஆனால், எதையும் தொடாமல் பொத்தானை அழுத்தினால் அது வழக்கமாக ஒரே ஒரு தடத்தை எடுத்து ஸ்டீரியோ ஏஏசி (சுருக்கிய ஒலி வடிவம்) ஆக்கிவிடும். தட்டில் இருந்த 5.1 போச்சு, இரண்டாவது மொழி போச்சு, இயக்குநரின் விளக்க உரை இருந்திருந்தால் அதுவும் போச்சு. ஆடியோ பக்கத்துக்குப் போய், மூலத் தடத்துக்கு 'பாஸ்த்ரூ' என்பதைத் தேர்ந்தெடுங்கள். தட்டில் உள்ள ஒலி ஒரு துளியும் மாறாமல் அப்படியே கோப்புக்குள் போகும். அதனுடன் கூடுதலாக ஒரு ஸ்டீரியோ ஏஏசி தடத்தையும் சேருங்கள். தட்டிலேயே ஸ்டுடியோவில் கலந்த ஸ்டீரியோ தடம் இருந்தால், கணினி மடக்கித் தருவதைவிட அதுதான் மேல், அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

'5.1 ஆக்கிக் கொடுங்கள்' என்பவர்களிடம் நான் சற்று அழுத்தமாகவே பேசுவேன். இரண்டு சேனலில் பதிவான ஒலியை ஆறாகப் பிரிக்கலாம். அதில் இல்லாத எதுவும் அதனால் வந்துவிடாது. ஒரு கல்யாண வீடியோவை எடுத்துக்கொள்வோம். கேமராவின் ஸ்டீரியோ மைக்கில் பதிவானது. வேறொரு கடையில் பணம் வாங்கிக்கொண்டு அதை 5.1 ஆக்கித் தந்திருந்தார்கள். செய்தது இவ்வளவுதான்: முன்பக்க ஒலியையே சற்றுத் தாமதப்படுத்திப் பின்பக்கச் சேனல்களில் வைத்திருந்தார்கள். ஹோம் தியேட்டரில் போட்டுக்காட்டியபோது பிரமாதமாக இருந்ததாம். வீட்டில் சாதாரண டிவியில் போட்டார்கள். டிவி ஆறு சேனல்களையும் இரண்டாக மடக்கியது. தாமதப்பட்ட ஒலி மூல ஒலியின் மேல் வந்து விழுந்தது. கெட்டிமேளம் கொட்டும் இடத்தில் தவிலின் ஒவ்வொரு அடியும் இரட்டையாகக் கேட்டது. நாதஸ்வரம் தகரக் குழாய்க்குள் வாசித்ததுபோல் வெறுமையாக இருந்தது. "மாங்கல்யம் தந்துனானேன" என்று சொல்லும் புரோகிதரின் குரல் எதிரொலியில் கரைந்துபோயிருந்தது. மணப்பெண்ணின் தாத்தா பேசிய ஒரே பதிவு அந்த வீடியோவில்தான் இருக்கிறது என்று அவர்கள் சொன்னார்கள். நல்லவேளையாக முதல் டிவிடி பீரோவில் கிடைத்தது. அதிலிருந்த இரண்டு சேனல் ஒலியை அப்படியே எடுத்துக் கொடுத்தேன்.

பழைய திரைப்படங்களின் டிவிடிகளிலும் இதே கதை உண்டு. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வந்த தமிழ்ப் படங்கள் மோனோ (ஒற்றைச் சேனல்) ஒலியில் வந்தவை. அவற்றின் அட்டையில் 5.1 என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். சோதிக்க விரும்பினால் அந்தத் தடத்தை ஆடாசிட்டி மென்பொருளில் திறந்து பாருங்கள். ஆறு அலைவடிவங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும். உண்மையான 5.1 என்றால் ஒவ்வொன்றும் வேறு வேறு மாதிரி இருக்கும். வசனக் காட்சியில் சென்டர் மட்டும் அடர்ந்திருக்கும், பின்பக்கம் ஏறக்குறைய கோடாகக் கிடக்கும். ஒப்பேற்றியது என்றால் ஆறும் ஒரே அச்சில் வார்த்தது போல் இருக்கும். அத்தகைய தட்டில் மூல மோனோவோ ஸ்டீரியோவோ தனித் தடமாக இருந்தால் அதைத்தான் நான் முதலில் காப்பாற்றுவேன்.

திரைப்பட டிவிடிகளைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லியாக வேண்டும். பிறருடைய படங்களைப் பிரதி எடுத்து விற்பதும் விநியோகிப்பதும் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம். உரிமையை மீறும் நோக்கத்துடன் தட்டின் பாதுகாப்புப் பூட்டை உடைப்பதையும் 2012-இல் வந்த திருத்தம் தண்டனைக்குரியதாக்கியிருக்கிறது. அந்த வேலையை நான் எடுப்பதில்லை.

கச்சேரிப் பதிவுகளுக்குத் தனிக் கவனம் தேவை. சில டிவிடிகளில் ஒலி சுருக்கப்படாத பிசிஎம் வடிவில், 1,536 கேபிபிஎஸ் வேகத்தில் இருக்கும். இரண்டே சேனல்தான், ஆனால் சுருக்கத்தில் எதையும் இழக்காத ஒலி அது. தம்புராவின் கார்வையும் மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்க) ஒலியும் அதில் முழுசாக இருக்கும். 5.1 இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தள்ளிவிட்டு, சுருக்கிய வேறொரு தடத்தை எடுப்பது பெரிய இழப்பு. இடம் குறைய வேண்டுமென்றால் ஃப்ளாக் வடிவுக்கு மாற்றுங்கள். எதுவும் இழக்காமல் சுருங்கும்.

கடைசியாக, மாற்றிய கோப்பைச் சோதிக்கும் முறை. பல அலைபேசிகளில் டால்பி, டிடிஎஸ் தடங்கள் ஓடா. படம் ஓடும், சத்தம் வராது. கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். ஸ்டீரியோ ஏஏசி முதல் தடமாகவும் மூல 5.1 இரண்டாவது தடமாகவும் இருந்தால் இந்தச் சிக்கல் வராது. ஹோம் தியேட்டர் இருப்பவர்கள் டிவி அமைப்பில் டிஜிட்டல் ஒலி வெளியீடு பிசிஎம்மில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆப்டிகல் கம்பி வழியாக பிசிஎம் போனால் இரண்டு சேனல்தான் போகும். பிட்ஸ்ட்ரீமுக்கு (ஒலியைப் பிரிக்காமல் அனுப்பும் முறைக்கு) மாற்றினால் டால்பி 5.1 அப்படியே போய்ச்சேரும். மூலத் தடத்தை 5.1 ஏஏசியாக மாற்ற வேண்டாம் என்று நான் சொல்வதற்கும் இதுவே காரணம். பல டிவிகள் அதை ஆப்டிகலில் ஸ்டீரியோவாகத்தான் அனுப்புகின்றன.

கடையில் கொடுத்து மாற்றுகிறீர்கள் என்றால், கோப்பை வாங்கும்போதே அங்குள்ள கணினியில் விஎல்சியைத் திறக்கச் சொல்லி எத்தனை தடம், எத்தனை சேனல் என்று பாருங்கள். தட்டில் இருந்ததும் கோப்பில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும். ஒரு வசனக் காட்சியையும் ஒரு பாட்டையும் ஹெட்போனில் கேளுங்கள். தட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள்.