கால் அறுவை சிகிச்சைக்குப் பின் பிசியோதெரபி: விக்கா எதுவரை கைகொடுக்கும்?

சாரத்திலிருந்து விழுந்தோ இரும்புச் சட்டம் சரிந்தோ கால் முறிந்து, உள்ளே பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்தாயிற்று. தையலும் பிரித்தாயிற்று. "இனி பிசியோவுக்கு நீயே பார்த்துக்கொள்" என்று மேற்பார்வையாளர் சொன்னால் அது தவறு. சிங்கப்பூரின் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தில், அதாவது எல்லாரும் 'விக்கா' என்று சொல்லும் சட்டத்தில், பிசியோதெரபியும் மருத்துவச் செலவுதான். அதை முதலாளி ஏற்க வேண்டும். சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. விபத்து யார் தவறால் நடந்தது என்ற கேள்வியும் பொதுவாக எழாது. குடிபோதை, சண்டை போன்றவை மட்டும் விலக்கு.

2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு மருத்துவச் செலவு வரம்பு 53,000 வெள்ளி. அதற்கு முந்தியவற்றுக்கு 45,000 வெள்ளி. அந்தத் தொகை அல்லது 1 ஆண்டு, எது முதலில் முடிகிறதோ அதுவரை. அந்த 1 ஆண்டு விபத்து நடந்த நாளிலிருந்து ஓடுகிறது, அறுவை சிகிச்சை நாளிலிருந்து அல்ல. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பிளேட்டை எடுக்கும் இரண்டாவது அறுவை சிகிச்சை பெரும்பாலும் ஓராண்டுக்குப் பிறகே வரும். அது விக்காவுக்கு வெளியே போய்விடும். ஆனால் வேலை அனுமதிச் சீட்டின் நிபந்தனைப்படி ஊழியரின் மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு என்பது அப்போதும் பொருந்தும்.

எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, நாள்களுக்கும் பணம் உண்டு. வெளிநோயாளி விடுப்பு 14 நாள்வரை, மருத்துவமனை விடுப்பு 60 நாள்வரை முழுச் சம்பளம். அதற்குப் பிறகு, விபத்து நாளிலிருந்து 1 ஆண்டு முடியும்வரை மூன்றில் இரண்டு பங்கு. இங்கே 'சம்பளம்' என்பது வெறும் அடிப்படைச் சம்பளம் அல்ல. விபத்துக்கு முந்திய 12 மாதச் சராசரி. ஓவர்டைமும் அதில் சேரும். சராசரி 1,200 வெள்ளி, வாரம் 6 நாள் வேலை என்றால், 1,200ஐ 12ஆல் பெருக்கி 312ஆல் (52 வாரம் × 6 நாள்) வகுக்க வேண்டும். ஒரு வேலை நாளுக்கு 46.15 வெள்ளி. மூன்றில் இரண்டு பங்கு 30.77 வெள்ளி. அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் நாளுக்குப் பல வெள்ளி குறையும். பே ஸ்லிப்பைக் கையில் வைத்துச் சரிபாருங்கள்.

பிசியோதெரபி அறையில் முதலில் காதில் விழும் சொல் 'வெயிட் பேரிங்'. காலில் எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்பது. அதை முடிவு செய்பவர் அறுவை மருத்துவர். பாதிப் பாரம் என்றால், 60 கிலோ எடையுள்ளவர் எடைபார்க்கும் கருவியில் அந்தக் காலை வைத்து 30 கிலோ வரும்வரை அழுத்திப் பழக வேண்டும். அவசரப்பட்டு ஊன்றினால் ஸ்க்ரூ தளரும், பிளேட்டே உடையலாம். அனுமதி கிடைத்தும் பயந்து தூக்கியே வைத்திருந்தால் தொடைத் தசை கரைந்துபோகும்.

ஊன்றுகட்டையின் மேல்முனைக்கும் அக்குளுக்கும் நடுவே 2, 3 விரல் இடைவெளி இருக்கட்டும். பாரம் உள்ளங்கையில் இறங்க வேண்டும். அக்குளில் தொங்கினால் நரம்பு அழுந்திக் கை மரத்துப்போகும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். ஒற்றைக் கைத்தடிக்கு மாறியதும் அதை நல்ல கால் பக்கத்துக் கையில் பிடியுங்கள். அடிபட்ட பக்கமே பிடிப்பவர்கள்தான் அதிகம். அப்படித்தான் நொண்டல் பழகிவிடுகிறது. கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். இரத்தம் உறைந்திருக்கலாம்.

சமதரையில் நடக்க முட்டி சுமார் 60 டிகிரி மடங்கினால் போதும். படி ஏறி இறங்க 90 டிகிரிக்குக் கிட்டே வேண்டும். குந்தி உட்கார 120 டிகிரியும் போதாது. ஆகவே "நடக்கிறேனே" என்று பாதியில் பிசியோவை நிறுத்தியவர் லாரியில் ஏறும் முதல் நாளே மாட்டிக்கொள்வார். ஏணி, சுமை, குந்துதல் ஆகியவற்றைச் சோதித்துப் பார்க்கும் வேலைத்திறன் மதிப்பீடும், மருத்துவர் கேட்டால், விக்கா செலவிலேயே செய்யப்படும். அதுவரை தங்கும் விடுதியில் கீழ்க்கட்டில் கேளுங்கள். மேல்கட்டில் ஏணி அந்தக் காலுக்கு ஆகாது.

1 நாள் எம்சியோ லைட் டூட்டியோ (இலகுவான வேலை) கொடுக்கப்பட்டாலும் முதலாளி விபத்தை மனிதவள அமைச்சிடம் 10 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அவர் தெரிவிக்காவிட்டால் ஊழியரே தெரிவிக்கலாம். இழப்பீடு கோரவும் 1 ஆண்டுதான் கெடு. வேலை அனுமதி ரத்தானாலும் கோரிக்கை செல்லும். நிரந்தர இயலாமைக்கான தொகை தனி. அது கால் ஓரளவு நிலைபெற்ற பிறகு கணக்கிடப்படும். கணக்கு ஏற்கத்தக்கதாக இல்லையென்றால், அந்தத் தொகையைச் சொல்லும் அறிவிப்பு கிடைத்ததும் தாமதிக்காமல் கெடுவுக்குள் ஆட்சேபிக்க வேண்டும். எம்சி, அப்பாயின்ட்மென்ட் அட்டை, ரசீது எல்லாவற்றையும் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். முதலாளி பிசியோவுக்கு அனுப்ப மறுத்தால் அமைச்சிடமோ வெளிநாட்டு ஊழியர் நிலையத்திடமோ சொல்லலாம். நிலையத்தின் 24 மணி நேர எண் 6536 2692.