கடவுள் மறுப்புக்கு மருந்துச் சீட்டு எழுத மாட்டேன்

சென்ற வாரம் ஒரு தந்தை தம் மகனை அழைத்து வந்தார். மகனுக்கு 19 வயது. நாற்காலியில் அமர்ந்ததும் தந்தை சொன்னார்: "டாக்டர், இவன் கடவுளே இல்லை என்கிறான். எப்படியாவது சரிசெய்து கொடுங்கள்." இந்த ஆண்டில் இதே வேண்டுகோளோடு என்னிடம் வந்த ஐந்தாவது குடும்பம் இது. (ஆளை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) முந்தைய நான்கு குடும்பங்களுக்கும் பொறுமையாக விளக்கி அனுப்பினேன். இம்முறை பொறுமை தீர்ந்துவிட்டது.

நன்றாகத் தூங்குகிறான், சாப்பிடுகிறான், படிக்கிறான், நண்பர்கள் இருக்கிறார்கள். மனநல மருத்துவராக நான் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டேன். நோய் எதுவும் இல்லை. ஆனால் எட்டு மாதங்களாகத் தந்தை அவனிடம் பேசவில்லை. அதைச் சொல்லும்போதுதான் அவன் குரல் உடைந்தது.

தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். கடவுளை நம்பாதது நோய் அல்ல. சந்தேகப்படுவது நோயின் தொடக்கமும் அல்ல. அமெரிக்க மனநல மருத்துவர்களின் சங்கம் 1994இல் வெளியிட்ட நோயறி கையேட்டின் நான்காம் பதிப்பில், சமய, ஆன்மிகச் சிக்கல் என்று ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. நம்பிக்கையை இழப்பதும் அதைக் கேள்விக்குட்படுத்துவதும் அதில் வருகின்றன. அந்தப் பிரிவை எங்கே வைத்தார்கள் என்பதுதான் முக்கியம்: நோய்களின் வரிசையில் அல்ல, மருத்துவரின் கவனத்துக்கு வரக்கூடிய, ஆனால் நோயல்லாத நிலைமைகளின் வரிசையில். துணையை இழந்து துக்கத்தில் இருப்பவரை நாங்கள் எப்படிப் பார்க்கிறோமோ அப்படித்தான் இவர்களையும் பார்க்கிறோம். ஆதரவு தேவைப்படலாம், மாத்திரை தேவையில்லை.

"கடவுள் பயம் போனால் ஒழுக்கமும் போய்விடுமே" என்றார் தந்தை. எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். உலகைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டு என்பதையே ஏற்காத சமணமும் பௌத்தமும் கொல்லாமையையும் பொய்யாமையையும் எவ்வளவு கண்டிப்பாக வற்புறுத்தின! வேதத்தைத் தலைமேல் வைத்துப் போற்றிய மீமாம்சகர்களே படைப்புக் கடவுளை மறுத்து வாதிட்டிருக்கிறார்கள். உங்கள் மகன் பொய் சொன்னால், திருடினால், யாரையாவது அடித்தால், அதைப் பற்றி அவனிடம் பேசுங்கள். அவன் செய்யாத குற்றத்துக்குக் கடவுள் மறுப்பைச் சாட்சியாக்காதீர்கள்.

எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்களுக்கும் இதே கண்டிப்பு உண்டு. "அம்மா கண்ணுக்குத் தெரியாத ஒருவரிடம் தினமும் பேசுகிறாள், இது மனப்பிறழ்வுதானே?" என்று கேட்டு வருகிற படித்த பிள்ளைகளையும் பார்க்கிறேன். இல்லை. ஒரு சமூகம் பொதுவாகப் பகிர்ந்துகொள்ளும் நம்பிக்கையை நாங்கள் பிறழ்நம்பிக்கை என்று குறிப்பதில்லை. பிரார்த்தனை செய்பவரிடம் நான் கேட்பது வேறு. கடவுள் தன்னை மட்டும் தேர்ந்தெடுத்து ஒரு கட்டளை இட்டிருக்கிறார் என்கிறாரா? அந்தக் குரல் தம்மையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்கிறதா? சில வாரங்களுக்குள் ஆளே மாறிவிட்டாரா? அவருடைய சமயத்தைச் சேர்ந்தவர்களே "இது எங்கள் நம்பிக்கை இல்லையே" என்று திகைக்கிறார்களா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் தாமதிக்காமல் வாருங்கள்.

இரு தரப்பும் தவறவிடும் இன்னொரு நிலை இருக்கிறது. ஒரு பெண் நாளுக்கு ஐந்து மணி நேரம் பிரார்த்தனை செய்தார். பக்தி என்றார்கள் வீட்டில். உண்மையில், நடுவே தகாத எண்ணம் ஒன்று வந்துவிட்டது என்ற அச்சத்தில் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கினார். இது எண்ணச் சுழற்சி நோயின் ஒரு வடிவம். அவருடைய அண்ணன் பகுத்தறிவாளர். கடவுள் இல்லை என்று நிரூபித்துவிட்டால் தங்கை விடுபட்டுவிடுவாள் என்று மூன்று ஆண்டுகள் வாதாடினார். ஒவ்வொரு வாதமும் தங்கைக்குப் புதிய பாவ அச்சத்தைக் கொடுத்தது. சிகிச்சையில் நாங்கள் அவருடைய கடவுளைத் தொடவே இல்லை. திரும்பச் செய்யாமல் அந்த அச்சத்தோடு சிறிது நேரம் இருக்கப் பழக்கினோம். இப்போது இருபது நிமிடம் பிரார்த்தனை செய்கிறார், நிம்மதியாக.

வாதமே கூடாது என்று நான் சொல்லவில்லை. நியாயம் என்னும் பழைய இந்தியத் தர்க்க மரபினர் விவாதத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: உண்மையை அறிவதற்காகப் பேசுவது வாதம், வெல்வதற்காக மட்டும் பேசுவது ஜல்பம், தனக்கென்று ஒரு நிலைப்பாடும் வைக்காமல் எதிராளியைத் தகர்ப்பது விதண்டை. வீட்டுச் சண்டைகள் பத்தே நிமிடத்தில் மூன்றாவதில் போய் நிற்கின்றன. தொடங்கும் முன் இருவரும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: எதைக் கண்டால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன்? "எதைக் கண்டாலும் மாட்டேன்" என்பது பதிலானால் எழுந்து வேறு வேலையைப் பாருங்கள்.

உளப்பகுப்பாய்வு முறையை உருவாக்கிய ஃபிராய்டு 1927இல் மதத்தை ஒரு மாயை என்று வாதிட்டு நூல் எழுதினார். அவருடைய நண்பர் ஆஸ்கர் ஃபிஸ்டர் சுவிட்சர்லாந்தின் போதகர். மறுப்பு எழுதும்படி அவரைத் தூண்டியவரே ஃபிராய்டுதான். 1928இல் அந்த மறுப்பு ஃபிராய்டு நடத்திய இதழிலேயே வெளிவந்தது. 1909இல் தொடங்கிய அவர்களுடைய கடிதத் தொடர்பு, ஃபிராய்டு இறந்த 1939 வரை நீடித்தது. இருவரில் ஒருவரும் மற்றவருடைய பக்கம் சாயவில்லை. என் துறையில் நான் மிகவும் மதிக்கும் நட்புகளில் இதுவும் ஒன்று.

சாப்பிடும் நேரத்தில் இந்தப் பேச்சு வேண்டாம். தேர்வுக்கு முந்தைய நாளும் நோயாளியின் படுக்கை அருகிலும் வேண்டாம். பணத்தையோ படிப்பையோ காட்டி மிரட்டி ஒருவரைப் பிரார்த்தனைக்கு இழுக்காதீர்கள். அதேபோல், பிரார்த்தனை செய்யும் பெற்றோரை விருந்தினர் முன் கேலி செய்யாதீர்கள்.

துக்கத்தில் இருப்பவரிடம் வாதிடவே வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். குழந்தையை இழந்த ஒரு தாய், "கடவுள் இருந்தால் இப்படி நடக்குமா?" என்றார். ஓர் உறவினர் முன்வினை என்றார். இன்னொருவர், அதனால்தான் கடவுள் இல்லை என்றார். இந்தக் கேள்வியைத் தத்துவ அறிஞர் ஜே. எல். மேக்கி 1955இல் கூர்மையாக எழுப்பினார். இன்னொரு தத்துவ அறிஞர் ஆல்வின் பிளான்டிங்கா மனிதனின் சுதந்திர விருப்பத்தை முன்வைத்து 1974இல் விடை சொன்னார். இரண்டையும் நான் படித்திருக்கிறேன். அந்தத் தாயிடம் நான் கேட்டது குழந்தையின் பெயரை மட்டும்தான். அதன்பின் ஒரு மணி நேரம் அவர்தான் பேசினார்.

கடைசியாக ஒன்று. "கடவுளும் இல்லை, ஒன்றும் இல்லை, நான் எதற்காக இருக்க வேண்டும்?" என்று ஒருவர் சொன்னால், முதல் பாதிக்குப் பதில் தேடாதீர்கள். அது மனச்சோர்வின் குரலாக இருக்கலாம். "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பதில் வரும்வரை அருகிலேயே இருங்கள். ஆம் என்றால் தனியே விடாதீர்கள், அன்றே மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.