வீட்டு மின் பேனலை 200 ஆம்புக்கு மாற்ற அமெரிக்க அரசு தரும் பணம்: எது முடிந்தது, எது மிச்சம்

அமெரிக்காவில் பழைய வீடு வாங்கியவர்கள் மின்சாரக் கார் சார்ஜர் போடவோ, வீட்டை மின்சாரத்தில் சூடாக்கவும் குளிர்விக்கவும் செய்யும் ஹீட் பம்ப் வைக்கவோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், அவர் நேராகப் போய்த் திறந்து பார்ப்பது கராஜிலோ பேஸ்மென்டிலோ இருக்கும், வீடு முழுக்க மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பேனல் பெட்டியைத்தான். மெயின் பிரேக்கரில் 100 என்று எழுதியிருந்தால், "இதை 200 ஆக மாற்றிவிடலாம்" என்று சொல்லி ஒரு கொட்டேஷன் கொடுத்துவிட்டுப் போவார். அதைப் பார்த்ததும் வீட்டில் எழும் கேள்வி: இதற்கு அரசாங்கம் பணம் தருகிறதாமே, எவ்வளவு?

பதில் வேலை முடிந்த தேதியைப் பொறுத்தது. 2025 டிசம்பர் 31-க்குள் பேனல் பொருத்தி முடிந்திருந்தால், ஃபெடரல் வருமான வரியில் 600 டாலர் வரை கழித்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு முடிந்த வேலைக்கு அந்தச் சலுகை கிடையாது. மாநிலங்கள் வழியாக வரும் தள்ளுபடி ஒன்று சட்டத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதில் பேனலுக்கு மட்டும் 4,000 டாலர் வரை உண்டு. ஆனால் வருமான வரம்பு இருக்கிறது. இரண்டு பேரும் ஐடி வேலையில் இருக்கும் குடும்பம் பெரும்பாலும் அந்த வரம்புக்குள் வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டுமே 2022 ஆகஸ்டில் கையெழுத்தான பணவீக்கக் குறைப்புச் சட்டத்திலிருந்து வந்தவை. வீடுகளை எரிவாயுவிலிருந்து மின்சாரத்துக்கு மாற்றுவது அதன் நோக்கங்களில் ஒன்று. அடுப்பு, வெந்நீர், குளிருக்கான சூடு எல்லாம் மின்சாரத்துக்கு வந்தால் பழைய பேனல் தாங்காது என்பதால்தான் பேனலும் பட்டியலில் ஏறியது. பேனல் தனக்காக அதில் இடம்பெறவில்லை, இன்னொரு கருவிக்குத் துணையாக இடம்பெற்றது. இந்த ஒரு விஷயம் புரிந்தால் விதிகளில் பாதி தானாகப் புரிந்துவிடும்.

முடிந்துபோன வரிச் சலுகை

வரிச் சட்டத்தின் 25சி பிரிவு இது. 2023 ஜனவரி 1 முதல் 2025 டிசம்பர் 31 வரை பொருத்தப்பட்ட பேனலுக்கு, செலவில் 30 சதவீதம், அதிகபட்சம் 600 டாலர். பேனலுக்கும் அதைப் பொருத்தும் கூலிக்கும் சேர்த்துத்தான் கணக்கு. 2,000 டாலர் செலவிலேயே 600-ஐத் தொட்டுவிடுகிறது, ஆகவே 4,500 டாலர் செலவழித்தவருக்கும் கிடைப்பது அதே 600. இது 2032 வரை ஓடவேண்டிய சலுகை. 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான புதிய வரிச் சட்டம் அதை ஏழு ஆண்டுகள் முன்பாகவே முடித்து வைத்தது.

நிபந்தனைகளில் மூன்றைப் பார்க்கவேண்டும். பேனலின் திறன் 200 ஆம்ப் அல்லது அதற்கு மேல் இருக்கவேண்டும், 150-க்குப் போனவருக்குக் கிடையாது. தேசிய மின் விதிநூலின்படி பொருத்தியிருக்கவேண்டும், அதாவது பெர்மிட் எடுத்து இன்ஸ்பெக்‌ஷன் முடித்த வேலையாக இருப்பது நல்லது. பலர் தடுக்கி விழுவது மூன்றாவதில்: இதே 25சி பிரிவில் தகுதி பெறும் வேறொரு கருவியோடு சேர்த்துப் பொருத்தியிருக்கவேண்டும், அந்தக் கருவி ஓட இந்தப் பேனல் வழி செய்திருக்கவேண்டும். ஹீட் பம்ப், ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர், தகுதியுள்ள சென்ட்ரல் ஏசி போன்றவை அந்தக் கருவிகள். கார் சார்ஜர் அந்தப் பட்டியலில் இல்லை. நம்மவர்களில் நிறையப் பேர் பேனல் மாற்றியதே டெஸ்லாவுக்காகத்தான். அப்படி மாற்றியவருக்கு 25சி-யில் ஒரு சென்ட் கூட வராது.

கார் சார்ஜருக்கு 30சி என்று தனிப் பிரிவு இருக்கிறது. செலவில் 30 சதவீதம், வீட்டில் வைக்கும் ஒரு சார்ஜருக்கு அதிகபட்சம் 1,000 டாலர். 2026 ஜூன் 30-க்குள் பயன்பாட்டுக்கு வந்த சார்ஜருக்கு மட்டும். அதிலும் வீடு குறைந்த வருமானப் பகுதியாகவோ நகர்ப்புறமல்லாத பகுதியாகவோ குறிக்கப்பட்ட சென்சஸ் வட்டாரத்துக்குள் இருக்கவேண்டும். விலை உயர்ந்த புறநகர்களில் இருப்பவர்கள் நம்பிக்கை வைக்கவேண்டாம்.

25சி-க்கு ஆண்டு வரம்பும் உண்டு. ஜன்னல், கதவு, இன்சுலேஷன், பேனல் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 1,200 டாலர். ஹீட் பம்ப் வகைக்குத் தனியாக 2,000. ஒரே ஆண்டில் ஹீட் பம்பும் பேனலும் மாற்றியவர் 2,600 டாலர் வரை கழித்திருக்கலாம். கட்டவேண்டிய வரியிலிருந்துதான் கழியும். வரி 400 டாலர்தான் என்றால் 400-ஓடு சரி, மீதியைப் பணமாகத் தரமாட்டார்கள், அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. நீங்கள் குடியிருக்கும் வீடாக இருக்கவேண்டும். வாடகைக்கு விட்டுவிட்டு வேறிடத்தில் இருப்பவருக்கு இது பொருந்தாது.

இந்த மூன்று ஆண்டுகளில் தகுதியான வேலையைச் செய்துவிட்டு ரிட்டர்னில் எழுத மறந்தவர்கள், இந்தச் சலுகையைக் கேட்பதற்கான 5695 படிவத்தை நிரப்பி, 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவத்தோடு அனுப்பலாம். முதலில் ரிட்டர்ன் தாக்கல் செய்ததிலிருந்து பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம். பில்லில் பேனலுக்கு எவ்வளவு, ஹீட் பம்புக்கு எவ்வளவு என்று பிரித்துப் போட்டிருந்தால் வேலை சுலபம். "எலக்ட்ரிக்கல் வேலை, மொத்தம்" என்று ஒரே வரியில் இருந்தால், காண்ட்ராக்டரிடம் பிரித்து எழுதி வாங்கிவிடுங்கள்.

இன்னும் இருக்கிற தள்ளுபடி

சுருக்கமாக ஹியர் என்கிறார்கள். வீட்டு மின்மயமாக்கல் தள்ளுபடித் திட்டம். ஃபெடரல் அரசு 450 கோடி டாலர் ஒதுக்கி, மாநிலங்களுக்கும் பழங்குடி அரசுகளுக்கும் பிரித்துக் கொடுத்தது. 2031 செப்டம்பர் வரை செலவழிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் விண்ணப்பம் வாங்குவது, காண்ட்ராக்டரைப் பதிவு செய்வது, பணம் தருவது எல்லாம் மாநிலத்தின் எனர்ஜி ஆபீஸ் வேலை. அதனால் ஒரு மாநிலத்தில் ஓடும் திட்டம் பக்கத்து மாநிலத்தில் திறக்காமலே இருக்கும். வட கரோலினாவில் 2025 ஜனவரியில் எனர்ஜி சேவர் என்ற பெயரில் திறந்தார்கள். அந்த மாநிலத்து ராலேயில் இருப்பவர் சொல்வதைக் கேட்டு டெக்சாஸின் டாலஸில் இருப்பவர் கணக்குப் போடக்கூடாது.

தொகை இப்படி: பேனலுக்கு 4,000 டாலர் வரை, வயரிங்குக்கு 2,500, ஹீட் பம்புக்கு 8,000, ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டருக்கு 1,750, மின் அடுப்புக்கு 840. எல்லாம் சேர்த்து ஒரு வீட்டுக்கு 14,000 டாலரைத் தாண்டாது. இவை உச்ச வரம்புகள். கையில் வருவது வருமானத்தைப் பொறுத்தது. உங்கள் கவுண்டியின் நடுநிலை வருமானத்தில் (பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலும் பாதி கீழும் இருக்கும் தொகை), உங்கள் குடும்பத்தின் தலைக்கணக்குக்கு ஏற்றபடி, 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் செலவு முழுவதும் வரம்பு வரை கிடைக்கும். 80-லிருந்து 150 சதவீதத்துக்குள் என்றால் செலவில் பாதி. 150-ஐத் தாண்டினால் ஒன்றுமில்லை.

3,600 டாலர் பேனல் வேலை என்று வைத்துக்கொள்வோம். முதல் வகைக் குடும்பத்துக்கு 3,600-ம் கிடைக்கும், இரண்டாம் வகைக்கு 1,800. ஒரே சம்பளத்தில் நான்கைந்து பேர் வாழும் வீடு, ஓய்வு பெற்றவர்கள், கடை நடத்துபவர்கள் இதை விட்டுவிடக்கூடாது. நடுநிலை வருமானம் ஊருக்கு ஊர் ஏகத்துக்கும் மாறும் என்பதால், "நமக்கெல்லாம் வராது" என்று பார்க்காமலே ஒதுக்கவும் வேண்டாம். மத்திய வீட்டுவசதித் துறை ஆண்டுதோறும் வெளியிடும் அட்டவணையில் கவுண்டியையும் தலைக்கணக்கையும் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. இது முன்பே ஒப்புதல் வாங்கிக்கொண்டு செய்யவேண்டிய வேலை. முடித்துவிட்டு பில்லைக் கொண்டுபோனால் தரமாட்டார்கள். தள்ளுபடி பில்லிலேயே கழிந்து வரும்படி அமைத்திருக்கிறார்கள், ஆகவே மாநிலம் அங்கீகரித்த காண்ட்ராக்டராகவும் இருக்கவேண்டும். மாநிலங்கள் கூடுதல் நிபந்தனை வைக்கலாம், ஒதுக்கிய பணம் தீர்ந்ததும் கதவை மூடலாம். இந்தத் தள்ளுபடி வருமானமாகக் கணக்கில் வராது, வரி கட்டவேண்டியதில்லை. 2025-க்குள் இதை வாங்கிக்கொண்டு 25சி-யும் கேட்டவர்கள் மட்டும், தள்ளுபடி போக மிச்சமிருந்த செலவுக்குத்தான் 30 சதவீதம் போடவேண்டும்.

பழைய பேனல் ஆபத்தானது என்பதற்காக மட்டும் மாற்றுகிறவர்கள் உண்டு. 1950-களிலிருந்து 80-கள் வரை கட்டிய வீடுகளில் இருக்கும் ஃபெடரல் பசிஃபிக் பேனல் அப்படிப்பட்டது. அதன் பிரேக்கர்கள் விழவேண்டிய நேரத்தில் விழாமல் இருப்பதாகப் பெயர் எடுத்தவை, அதைப் பார்த்தால் பாலிசி தர மறுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிகள் இருக்கின்றன. கூடவே கருவி எதுவும் போடாமல் அதை மட்டும் மாற்றியவருக்கு 25சி கைகொடுத்ததில்லை. கிராமப்புறத்தில் மிகக் குறைந்த வருமானத்தோடு சொந்த வீட்டில் இருப்பவர்களுக்கு வேளாண் துறையின் 504 திட்டம் இருக்கிறது: 1 சதவீத வட்டியில் 40,000 டாலர் வரை கடன், 62 வயது நிரம்பி, கடனைத் திருப்பிக் கட்ட முடியாதவர்களுக்கு 10,000 டாலர் வரை மானியம்.

கொட்டேஷன் ஏன் இவ்வளவு?

100-லிருந்து 200 ஆம்புக்குப் போக 1,500 முதல் 4,000 டாலர் என்று பொதுவாகச் சொல்வார்கள். பெட்டியை மட்டும் மாற்றினால் அந்த எண்ணின் கீழ்ப்பக்கம். ஆனால் 200 ஆம்ப் என்றால் தெருக் கம்பத்திலிருந்து வரும் வயரும் மீட்டர் பெட்டியும், அந்த வயர் வீட்டுக்குள் இறங்கும் கூரைக் குழாயும் அதைத் தாங்கவேண்டும். பல இடங்களில் வயர் மின் கம்பெனியின் பொறுப்பு, மீட்டர் பெட்டியும் குழாயும் வீட்டுக்காரர் பொறுப்பு. வயர் நிலத்துக்கு அடியில் வருகிறது என்றால் டிரைவ்வேயைத் தோண்டவேண்டி வரும், பில் பத்தாயிரத்தையும் தாண்டலாம். 2020 விதிநூலை ஏற்றுக்கொண்ட இடங்களில், வீட்டுக்கு மின்சாரம் வரும் இணைப்பை (சர்வீஸ்) மாற்றும்போது வீட்டுக்கு வெளியே அவசர சுவிட்சும், திடீரென வோல்ட்டேஜ் எகிறினால் முழு வீட்டையும் காக்கும் சர்ஜ் பாதுகாப்பும் கட்டாயம். கொட்டேஷனில் இவை இருந்தால் எலக்ட்ரீஷியன் ஏமாற்றுகிறார் என்று நினைக்கவேண்டாம். இல்லாவிட்டால்தான் கேட்கவேண்டும்.

இத்தனையும் செய்யுமுன் ஒரு காகிதம் கேளுங்கள்: லோட் கால்குலேஷன், அதாவது வீட்டின் மொத்த மின் தேவைக் கணக்கு. உதாரணத்துக்கு, அடுப்பும் வெந்நீரும் சூடும் எரிவாயுவில் ஓடும் 2,000 சதுர அடி வீடு, 100 ஆம்ப் பேனல். சதுர அடிக்கு 3 வாட் வீதம் விளக்கும் பிளக்கும் 6,000. சமையலறைக்கு 3,000, துணி துவைக்கும் சர்க்யூட்டுக்கு 1,500, டிஷ்வாஷர் 1,200, மின் டிரையர் 5,000. மொத்தம் 16,700 வாட். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது என்பதால், ஏற்கெனவே இருக்கும் வீட்டுக்கான முறையில் முதல் 8,000-ஐ முழுதாகவும் மீதியில் 40 சதவீதத்தையும் எடுப்பார்கள்: 11,480. ஏசிக்கு முழுதாக 4,000 சேர்த்தால் 15,480. 240 வோல்ட்டால் வகுத்தால் 64.5 ஆம்ப்.

இதில் 48 ஆம்ப் கார் சார்ஜர் சேர்த்தால், தொடர்ந்து ஓடும் கருவிக்கு 25 சதவீதம் கூட்டி 14,400 வரும். மொத்தம் 124.5 ஆம்ப், பேனல் தாங்காது. அதே இடத்தில் 24 ஆம்ப் சார்ஜர் என்றால் 7,200, மொத்தம் 94.5 ஆம்ப். பழைய பேனலே போதும், ஒரு 30 ஆம்ப் பிரேக்கருக்கு இடமிருந்தால் சரி. அந்த 24 ஆம்ப் சார்ஜர் இரவில் எட்டு மணி நேரத்தில் சுமார் 46 யூனிட் ஏற்றிவிடும், நூறு மைலுக்கு மேல் ஓட்டலாம். தினமும் ஆபீஸ் போய்வர இதற்கு மேல் எவருக்கு வேண்டும்? வீட்டின் மொத்த ஓட்டத்தைப் பார்த்துத் தானே சார்ஜிங்கைக் குறைத்துக்கொள்ளும் கருவிகளும் வந்துவிட்டன. விதிநூல் அவற்றை ஏற்கிறது, விலையும் பேனல் மாற்றுவதைவிடக் குறைவு.

ஹீட் பம்ப், ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர், மின் அடுப்பு மூன்றும் வரிசையாக வரப்போகிறது என்றால் 200-க்குப் போவது சரிதான். உங்கள் மாநிலத்தில் ஹியர் திறந்திருந்து வருமானமும் பொருந்தினால், முதல் கருவியோடு பேனலையும் ஒரே விண்ணப்பத்தில் சேர்க்க முடியுமா என்று காண்ட்ராக்டரைக் கேட்டுப் பாருங்கள், ஒப்புதல் கடிதம் கைக்கு வரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.