வைரஸ்களோட பங்காளிச் சண்டை

ஒரு செடியில ஏற்கனவே ஒரு வைரஸ் குடியிருந்தா இன்னொண்ணு சுலபமா உள்ள வந்துடும்னுதான் யாருக்கும் தோணும், சம்பந்தமே இல்லாத ரெண்டு வைரஸ்னா பெரும்பாலும் அப்படித்தான் நடக்குது. ஆனா ரெண்டும் ஒரே வைரஸோட வேற வேற ஸ்ட்ரெயின்னா, அதாவது உள்வகைன்னா, சீன் தலைகீழ், பங்காளி மாதிரி சொந்தம் நெருங்க நெருங்கத்தான் பகை ஜாஸ்தி.

இதை முதல்ல கவனிச்சது மெக்கின்னிங்கிற அமெரிக்க விஞ்ஞானி, 1929ல. புகையிலை மொசைக் வைரஸ்ல இலையில வெளிர்பச்சைத் திட்டு மட்டும் வரவைக்கிற சாதுவான ஸ்ட்ரெயின் ஒண்ணு, பளிச்னு மஞ்சளாக்குற ஸ்ட்ரெயின் ஒண்ணு. சாது முதல்ல பரவின செடியில மஞ்சள் ஸ்ட்ரெயினை ஏத்திப் பாத்தா மஞ்சளே வரல!

இதை செடிக்குப் போடுற தடுப்பூசின்னு சொல்றவங்க உண்டு, எனக்கு அது சரியாப் படல, ஏன்னா செடிக்கு ஆன்டிபாடியே கிடையாது, அதுமில்லாம முதல்ல வந்த வைரஸ் உயிரோட உள்ள பெருகிட்டே இருந்தாத்தான் இது வேலை செய்யும்.

சரி எப்படித் தடுக்குது? முதல்ல சந்தேகப்பட்டது வைரஸோட மேலுறையை. இந்த மொசைக் வைரஸ் 300 நானோமீட்டர் நீளக் குச்சி, நடுவுல அதோட மரபுச் செய்தியை வச்சிருக்கிற ஆர்என்ஏ இழை, அதைச் சுத்தி ஒரே மாதிரி புரோட்டீன் சுமார் 2,130. புதுசா செல்லுக்குள்ள வர்றது இந்த உறையைக் கழட்டினாத்தான் வேலையை ஆரம்பிக்க முடியும், ஆனா அங்க ஏற்கனவே பழைய ஆளோட உறைப் புரோட்டீன் ரொம்பிக் கிடக்கறதால கழட்டவே விடமாட்டேங்குது. உறையே இல்லாத வெறும் ஆர்என்ஏவை அந்த மாதிரி செடியோட இலையில தேய்ச்சுப் பாத்தாங்க, 1982ல, அது தடையைத் தாண்டி உள்ள போயிடுச்சு. 1986ல ரோஜர் பீச்சி குழு அந்த உறைப் புரோட்டீனை உருவாக்குற ஜீனை மட்டும் செடிக்குள்ள வச்சாங்க, வைரஸே இல்லாம எதிர்ப்பு வந்துச்சு.

இதோட முடிஞ்சுதுன்னு நினைச்சா, செடிகளைத் தாக்குற வைராய்டுன்னு வைரஸை விடச் சின்ன ஒண்ணு குறுக்க நிக்குது. அதுக்கு உறைன்னு ஒண்ணே கிடையாது, வெறும் குட்டி ஆர்என்ஏ, ஆனா அதுலயும் சாது ஸ்ட்ரெயின் கொடூர ஸ்ட்ரெயினைத் தடுக்குது. அப்போ வேற ஏதோ இருக்கணும்ல. இருக்கு, செடியோட ஆர்என்ஏ சைலன்சிங், அதாவது வேண்டாத ஆர்என்ஏவை வெட்டி அடக்குற ஏற்பாடு. வைரஸ் பெருகும்போது உருவாகுற ரெட்டை இழை ஆர்என்ஏவை டைசர்னு ஒரு என்சைம் 21ல இருந்து 24 எழுத்து துண்டுகளா நறுக்கும், ஆர்கோனாட்ங்கிற புரோட்டீன் அந்தத் துண்டை அடையாளத்துக்கு வச்சுக்கிட்டு அதோட பொருந்துற ஆர்என்ஏ எது வந்தாலும் வெட்டித் தள்ளும். எழுத்து பொருந்தினாத்தான் வெட்டும், அதனாலதான் நெருங்கின ஸ்ட்ரெயின் மாட்டிக்குது, தூரத்து வைரஸ் தப்பிச்சுப் போயிடுது.

ஆரஞ்சு, எலுமிச்சையைத் தாக்குற டிரிஸ்டெசா வைரஸ் இன்னும் ஒரு படி மேல. அதுகிட்ட பி33ன்னு ஒரு புரோட்டீன், அது இருந்தாத்தான் அதே ஸ்ட்ரெயினோட இன்னொரு வைரஸை உள்ள விடாம தடுக்க முடியுது, அதை முடக்கினா தடை உடைஞ்சுடுது. அதாவது இங்க கதவைச் சாத்தறது வைரஸேதான்.

கண்ணால பாக்கணும்னா 2003ல வந்த ஒரு சோதனை அருமை. ஒரே வைரஸுக்கு ஒண்ணுல பச்சை, இன்னொண்ணுல சிவப்பு ஒளிர்ற புரோட்டீனை வச்சு ஒரே செடியில விட்டா, இலையில பச்சைத் திட்டு தனி, சிவப்புத் திட்டு தனி, எல்லைக்கோட்டுல மட்டும் ஒண்ணு ரெண்டு செல்லுல ரெண்டு நிறமும். சம்பந்தமில்லாத வைரஸ்களை விட்டா ரெண்டும் ஒரே செல்லுல கூத்தடிக்குது.

இதை விவசாயத்துல நல்லாவே பயன்படுத்தியிருக்காங்க, பிரேசில்ல சாதுவான டிரிஸ்டெசா ஏத்தின கோடிக்கணக்கான ஆரஞ்சு மரங்கள் நின்னிருக்கு. ஆனா பப்பாளி வளையப்புள்ளி வைரஸுக்கு ஹவாய் ஸ்ட்ரெயின்ல இருந்து நைட்ரஸ் ஆசிட் வச்சு உருவாக்கின சாது வைரஸ் தைவான்ல அவ்வளவா எடுபடல, அங்க இருக்கிற ஸ்ட்ரெயின் கொஞ்சம் தள்ளின சொந்தம். இன்னொரு ஆபத்தும் இருக்கு, உருளைக்கிழங்கு எக்ஸ் வைரஸும் ஒய் வைரஸும் வேற வேற குடும்பம், ரெண்டும் ஒரே செடியில சேர்ந்தா தனித்தனியா வர்றதை விட பாதிப்பு பல மடங்கு, அதனால சாதுவை ஏத்தறதுக்கு முன்னாடி அந்த வட்டாரத்துல வேற என்ன வைரஸ் சுத்துதுன்னு பாத்துட்டுத்தான் ஏத்தணும்.