வவ்வாளிக்கு எத்தனை கால்?

செங்கோட்டைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அறிவியல் மன்றக் கூட்டம். வேற்றுக்கிரக உயிரினம் ஒன்றைக் கற்பனை செய்து, வரைந்து, பெயரும் வைத்துக் கொண்டுவாருங்கள் என்று முந்தின வாரமே சொல்லி வைத்திருந்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கொண்டுவந்த படம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சிங்க உடல், யானைத் துதிக்கை, நான்கு கால், முதுகில் வவ்வால் சிறகு. கோயில் மண்டபத் தூணில் பார்த்த யாளிக்குச் சிறகு முளைக்க வைத்திருந்தாள். பெயர் வவ்வாளி.

"சார், இது இருக்க முடியுமா? பூமியில வேண்டாம். வேற எங்கயாச்சும்?"

நல்ல கேள்வி. அன்று பத்து நிமிடத்தில் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பரிணாமம் பற்றிப் பள்ளியில் படித்ததே இங்கே போதும். பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து சின்னச் சின்ன வேறுபாடுகளோடு பிறக்கின்றன. சூழலுக்குப் பொருந்தியவை அதிகம் பிழைத்துப் பெருகுகின்றன. இதில் பலரும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. இங்கே சிங்கத்தையும் யானையையும் வெட்டி ஒட்ட யாரும் இல்லை. ஒரு விலங்குக்குக் கிடைப்பது அதன் முன்னோரிடம் இருந்த உறுப்புகள் மட்டுமே. அவற்றை நீட்டலாம், சுருக்கலாம், வேறு வேலைக்குத் திருப்பலாம். பக்கத்து வீட்டு உறுப்பைக் கடன் வாங்க முடியாது.

வவ்வாளியின் சிக்கல் அங்கேதான். நான்கு காலும் இரண்டு சிறகும் சேர்ந்தால் ஆறு. நமக்கும் தவளைக்கும் காகத்துக்கும் முன்னோர், ஏறக்குறைய 37 கோடி ஆண்டுகளுக்கு முன் கரையேறத் தொடங்கிய மீன்கள். அவற்றின் இரண்டு ஜோடித் துடுப்புகள்தான் நம் கைகால்கள் ஆயின. அதற்குப் பிறகு வந்த எந்த முதுகெலும்பு விலங்குக்கும் மூன்றாவது ஜோடி வரவில்லை. ஆகவே சிறகு வேண்டும் என்றால் விலையாகக் கையைத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. பறவை கையைக் கொடுத்தது. வவ்வால் விரல்களைக் கொடுத்தது. டைனோசர் காலத்து டெரோசர் ஒரே ஒரு விரலை நீட்டி அதில் முழுச் சிறகையும் கட்டியது.

சரி, கையைக் கொடுக்காமல் சிறகு வாங்கிய யாருமே இல்லையா? இருக்கிறது. அதுவும் நமக்குப் பக்கத்திலேயே.

செங்கோட்டையில் ரயிலேறி, ஆரியங்காவு வழியாக, பதிமூன்று கண் பாலம் தாண்டித் தென்மலையில் இறங்கினால் பாக்குத் தோப்புகள். அங்கே ஒரு நடுப்பகலில், மரப்பட்டை நிறத்தில் ஒரு சிறிய ஓணான் எறும்பு தின்றுகொண்டே மரத்தில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சிக்குப் போனது. குதித்தது. விழவில்லை. இரண்டு பக்கமும் விசிறி போல ஏதோ விரிய, சரிந்து மிதந்து, தூரத்து மரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. பறக்கும் ஓணான். விலங்கியலில் டிராகோ டஸ்ஸுமியெரி. அதன் சிறகு எதனால் ஆனது தெரியுமா? விலா எலும்பு.

மற்றப் பல்லிகளுக்கு விலா எலும்பு நெஞ்சைச் சுற்றி வளைந்து உள்ளுறுப்புகளைக் காக்கும். டிராகோ இனங்களில் 5 முதல் 7 ஜோடி விலா எலும்புகள் மட்டும் வளையாமல் பக்கவாட்டில் நீண்டுபோயின. அவற்றின்மேல் தோல் போர்த்தியிருக்கிறது. சும்மா இருக்கும்போது பின்னோக்கி மடிந்து உடலோடு ஒட்டிக்கிடக்கும், பார்த்தால் தெரியாது. குதிக்கும்போது முதுகோரத் தசையும் விலா எலும்புகளுக்கு இடைப்பட்ட தசைகளும் அவற்றை முன்னால் இழுக்க, மடக்கு விசிறி போல விரிகிறது. மூச்சு விட விலாக்கூட்டை அசைக்கும் தசைகளின் உறவுக்காரத் தசைகள்தான் இவை. புதிதாக எதுவும் செய்யப்படவில்லை. இருந்ததற்கு இன்னொரு வேலை கிடைத்தது, அவ்வளவுதான்.

இதைவிட எனக்குப் பிடித்த செய்தி 2017-இல் வெளிவந்தது. கர்நாடகத்தின் ஆகும்பேயில் ஒரு பாக்குத் தோப்பில் இதே ஓணானைப் படமெடுத்து ஆராய்ந்தபோது, குதித்த மறுகணம் அது முன்னங்கைகளைப் பின்னால் கொண்டுபோய்ச் சிறகின் முன்விளிம்பைப் பிடித்துக்கொள்வது தெரிந்தது. காற்றில் கீற்றுத்தட்டியை இரண்டு கையாலும் பிடிப்பது போல! பிடித்தபடியே திசை மாற்றுகிறது. எதிர் மரத்தை அடைவதற்குச் சற்று முன் கையை விட்டுவிட்டு, அதே கையால் மரத்தைப் பற்றிக்கொள்கிறது. பறவை கையை விற்றே விட்டது. இந்த ஓணானோ பறக்கும் நேரத்துக்கு மட்டும் கையைக் கைமாற்றாகக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த வழி ஒரு தடவை மட்டும் நடந்த தற்செயலா? அதுவும் இல்லை. 1960-இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஒரு கல்குவாரியில் பதின்ம வயதுப் பையன்கள் ஒரு புதைபடிவத்தைக் கண்டெடுத்தார்கள். 20 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய ஊர்வன. ஓணான் குடும்பமே அல்ல. ஆனால் சிறகு மட்டும் அதே நீண்ட விலா எலும்பு. உறவில்லாத இரண்டு வம்சங்கள் ஒரே விடைக்கு வந்திருக்கின்றன. காடும் காற்றும் ஈர்ப்பும் கேட்ட கேள்வி ஒன்றுதானே! நம் மலையிலேயே பறக்கும் அணில் கைகாலுக்கு இடையே தோலை விரிக்கிறது, மலபார் சறுக்குத் தவளை விரலிடைச் சவ்வை விரிக்கிறது, பறக்கும் பாம்பு விலா எலும்புகளைப் பரப்பி உடலையே தட்டையாக்குகிறது.

பாம்பு என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரத்தில் ஏறி, சுடுகாட்டில் புகை வருகிறதா என்று பார்க்கும் என்பதை இன்றும் நம்பி அடித்துக் கொல்கிறார்கள். அது நஞ்சே இல்லாத பாம்பு. இரண்டு தலைக் கன்று பிறந்தால் கெட்ட சகுனம் என்று செல்போனில் பரப்புகிறார்கள். அது கரு வளரும்போது நேர்ந்த பிசகு, பாவம். இந்தப் பேச்சுகளைக் கேட்டு எனக்குக் கோபம் வராத நாள் இல்லை.

இனி வேற்றுக்கிரகம். சனியின் துணைக்கோளான டைட்டனை எடுத்துக்கொள்வோம். ஈர்ப்பு பூமியில் ஏழில் ஒரு பங்கு, காற்றின் அடர்த்தி நான்கு மடங்குக்கும் மேல். அதே நிறையும் அதே சிறகும் இருந்தால், இங்கே தேவைப்படும் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட வேண்டாம், மிதக்கலாம். நாசா 2028-இல் அனுப்பத் திட்டமிட்டிருக்கும் டிராகன்ஃப்ளை கலம் சுழலிகளால் பறந்து ஊர் ஊராகப் போக நினைப்பதும் இந்த வசதியால்தான். மைனஸ் 179 டிகிரிக் குளிரில் யாளி வாழாது, உண்மைதான். ஆனால் இளஞ்சூடும் அடர்ந்த காற்றும் சின்ன ஈர்ப்பும் உள்ள ஓர் உலகைக் கற்பனை செய்ய யார் தடுக்கிறார்கள்? அங்கே கரையேறிய மீனுக்கு மூன்று ஜோடித் துடுப்பு இருந்திருந்தால், வவ்வாளி தாராளமாக இருக்கலாம். இரண்டு ஜோடிதான் என்றால் விலா எலும்பைக் கேட்க வேண்டும்.

பெயர் வைப்பதும் இதே கணக்குதான். ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் வகுத்த இரட்டைப் பெயரில் முதல் பாதி உறவைச் சொல்லும், இரண்டாம் பாதி வைப்பவர் விருப்பம். நியூஜெர்சிப் புதைபடிவம் இகாரோசாரஸ் சீஃப்கெரி ஆனது, கண்டெடுத்த பையனின் பெயரால். நம் மலையில் பன்றி மூக்கோடு, வருடத்தின் பெரும்பகுதி மண்ணுக்குள் கிடக்கும் தவளையை மலையாளத்தில் பாதாளத் தவளை என்கிறார்கள். அறிவியல் பெயர் 2003-இல் வந்த நாசிகபட்ராகஸ் சஹ்யாத்ரென்சிஸ். அதன் நெருங்கிய உறவினர்கள் இருப்பது கடல் தாண்டி செஷல்ஸ் தீவுகளில்! 2017-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் அதன் இன்னொரு இனம் அடையாளம் காணப்பட்டது. அதற்கு நாசிகபட்ராகஸ் பூபதி என்று பெயர். 2014-இல் அகத்தியமலையில் களப்பணியின்போது உயிரிழந்த ஆய்வாளர் சுப்பிரமணியம் பூபதியின் நினைவாக. விண்கலங்களுக்குச் செலவழிப்பதை நான் மனதார ஆதரிக்கிறேன். அதே மனதோடு கேட்கிறேன், மழையில் அட்டைக்கடி பட்டுத் தவளை தேடும் பிள்ளைகளுக்கும் உதவித்தொகை நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டாமா? பூமியின் விலங்குகளுக்கே இன்னும் பெயர் வைத்து முடியவில்லை.

போன வாரம் அந்தப் பிள்ளை மறுபடி நோட்டைக் கொண்டுவந்தாள். முதல் பக்கத்தில் வவ்வாளி இல்லை. சேற்றில் ஊரும் ஒரு மீன், கீழே மூன்று ஜோடித் துடுப்பு. அடுத்த பக்கத்தில் சிறகில்லாத, ஆறு காலுள்ள ஒரு சின்னப் பிராணி. வவ்வாளி நான்காம் பக்கத்தில்தான் வருகிறது. ஐந்தாம் பக்கத்தில் "முட்டை எங்கே இடும்?" என்று எழுதி, பதிலுக்கு இடம் விட்டிருந்தாள். பறக்கும் ஓணானில் பெண் முட்டையிட மரத்திலிருந்து தரைக்கு இறங்கி வரும் என்று சொன்னேன். நோட்டை வாங்கி, பெண் வவ்வாளிக்கு மண் தோண்ட ஏற்ற நகங்களை வரையத் தொடங்கினாள்.